வீரய்யாவின் மெல்லிய கோடுகள்

நிஷாந்திக்கு அந்த ஆசை பிடித்தது ஹட்டனில் ஒரு சலூனில், தலையில் பாதிக்கு மருதாணியை அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது. மருதாணி காய வேண்டும், கையில் போன் இல்லை, பக்கத்து நாற்காலியில் ஒரு பழைய ஃபேஷன் சஞ்சிகை கிடந்தது. எடுத்தாள். அட்டையில் இருந்த பெண்ணை அவள் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்ணின் தலைக்கு மேல் நின்ற ஆங்கில எழுத்துகளைத்தான் பார்த்தாள். நிமிர்ந்து நிற்கும் கோடெல்லாம் தூண் மாதிரித் தடித்திருந்தது. படுத்துக் கிடக்கும் கோடெல்லாம் தலைமுடி மாதிரி மெலிந்திருந்தது. கோடு முடிகிற இடத்தில் ஊசியால் கீறினதுபோல ஒரு சின்னப் பாதம். அந்த எழுத்து எதையும் கூவி விற்கவில்லை. சும்மா நின்றது. சும்மா நின்றே வசதியான வீட்டு எழுத்து மாதிரி இருந்தது.

"அக்கா, கத்தரி ஒண்ணு குடுங்க" என்றாள்.

சலூன்காரி பயந்துபோனாள். "ஏம்மா, கலர் பிடிக்கலயா? அதுக்காக வெட்டிராதீங்க!"

"முடிய இல்லக்கா, அட்டைய."

தமிழ் எழுத்து ஏன் இப்படி நிற்கக்கூடாது என்ற கேள்வியோடும், பாதி சிவந்த தலையோடும் அன்றைக்கு அவள் அக்கரப்பத்தனை பஸ் ஏறினாள்.

அவளுடைய வேலை தலவாக்கலையில், ராசிக் நானாவின் அச்சுக் கடையில். கடைக்கு அவருடைய மனைவி பெயர்தான்: ரம்லா பிரின்டர்ஸ். இரண்டு கம்பியூட்டர், ஒரு பழைய ஒப்செட் மெஷின், ஒரு ஸ்டிக்கர் மெஷின், மெஷின்களைப் பார்த்துக்கொள்ள அக்ரம், டிசைனுக்கு நிஷாந்தி. எழுத்தைப் பற்றி ராசிக் நானாவுக்கு ஒரே ஒரு கொள்கை உண்டு. எழுத்து கொழுத்திருக்க வேண்டும். கொழுத்த எழுத்தைச் சுற்றி ஒரு கரை, கரைக்குப் பின்னால் ஒரு நிழல், வாடிக்கையாளர் நல்ல ஆளாக இருந்தால் நிழலுக்குப் பின்னால் கொஞ்சம் நெருப்பு.

"எழுத்துன்னா என்ன புள்ள? ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறவன் வாயத் தொறந்து படிக்கணும். அவன் படிக்காட்டி அது எழுத்தில்ல, பூக்கோலம்."

நிஷாந்தி தலையாட்டிவிட்டுத் திரைக்குத் திரும்பினாள். கடையில் வேலை குறைந்த நேரங்களிலெல்லாம் தன் எழுத்தை வரைய ஆரம்பித்தாள். மூன்று வருடம் எடுத்தது. ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்தோடு கதை முடிந்துவிடும். தமிழில் உகரமும் ஊகாரமும் மட்டுமே ஆளுக்கொரு வால் வைத்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றன. 'ட' சுலபமாக விழுந்தது. ஒரு தடித்த தூண், ஒரு மெல்லிய தரை. 'ழ' அவளை ஒரு மாதம் அழவைத்தது. எந்த வளைவில் தடித்து, எந்த வளைவில் மெலிய வேண்டும் என்று அதற்கே தெரியவில்லை. 'ஜ'வை மூன்று தடவை அழித்தாள். ஆனால் இகர, ஈகாரச் சுழிகளில் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. எழுத்தின் தலைக்கு மேலே ஒரே மூச்சில் போய்த் திரும்பும் கோடு, அடுப்பிலிருந்து எழும் ஆவி மாதிரி. 'ர'வின் கீழே இடப்பக்கம் சாயும் காலையும் அதே மாதிரி ஒற்றை இழையாக இறக்கினாள். புள்ளிகளை மட்டும் முத்துப்போல உருட்டி வைத்தாள்.

ராசிக் நானா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"அல்லாஹ்வே, ஏன் இப்பிடி நோஞ்சானா இரிக்கு? கீழ என்ன இது, செருப்பா?"

"பாதம் நானா. கோடு அந்தரத்துல நிக்காம, தரையில நிக்கிற மாதிரி."

"எழுத்துக்குச் செருப்புப் போட்ட மொத ஆள் நீதான். கல்யாண கார்டுக்கு வச்சுக்க. போர்டுப் பக்கம் கொண்டு வந்துராத."

கல்யாண கார்டுக்கு வைத்துக்கொண்டாள். அது பிடித்துக்கொண்டது. கார்டைக் கையில் எடுத்து, மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துத்தானே பார்க்கிறார்கள்? அந்தத் தூரத்தில் அவளுடைய இழைக்கோடுகள் எல்லாம் உயிரோடு இருந்தன. மணமகன், மணமகள் பெயர்கள் பட்டு உடுத்திக்கொண்டு மேடையில் நிற்பதுபோல நின்றன. திம்புள்ளப் பக்கத்திலிருந்தும் நோட்டன் பிரிட்ஜிலிருந்தும்கூட, "அந்த மெலிஞ்ச எழுத்துல" என்று கேட்டு வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருத்திதான் சுலக்ஷனா, நிஷாந்தியோடு ஒன்றாய்ப் படித்தவள். கல்யாணமாகி நுவரெலியாவுக்குப் போகிறாள். கார்டை வாங்க அவளோடு அவளுடைய அப்பா வீரய்யாவும் வந்திருந்தார்.

வீரய்யாவை அக்கரப்பத்தனையில் தெரியாதவர் கிடையாது. ஐம்பத்தெட்டு வயது, ஆட்டோ ஓட்டுபவர். ஆனால் அவர் ஆட்டோவில் ஏறினவர்களை விட ஏறாதவர்கள்தான் அதிகம். எந்தத் தோட்டத்தின் பெயரைச் சொன்னாலும் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "வராது" என்பார். அவர் சொல்வது ஆட்டோவைப் பற்றி. அந்த ரோட்டுக்கு அது வராது, குழி, சஸ்பென்ஷன் போய்விடும். தன்னைப் பற்றிச் சொல்ல அவருக்கு எதுவும் இருந்ததில்லை. யார் வீட்டுக்கும் போகமாட்டார், யாரையும் வரச் சொல்லமாட்டார், சிரித்ததை மகள் இரண்டு தடவை பார்த்திருக்கிறாளாம்.

அந்த மனிதர் கார்டை வாங்கி, பெற்றோர் வரிசையில் இருந்த தன் பெயரை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது நானா?" என்றார்.

"நீங்கதான் மாமா."

"நல்லா நிக்கிறேன்" என்று சொல்லி, கார்டு ஒன்றைச் சட்டைப்பைக்குள் தனியாக வைத்துக்கொண்டார்.

கல்யாணம் முடிந்து நாலாம் மாதம் அவர் மறுபடி கடைக்கு வந்தார், இந்தத் தடவை தனியாக. அக்கரப்பத்தனை ஆட்டோ சாரதிகள் சங்கத்துக்குத் தலைவர் தேர்தலாம். இரண்டு தடவை தலைவராக இருந்த கஜேந்திரன் மூன்றாவது தடவையும் நிற்கிறான். அவனுடைய ஆட்சியில் ஸ்டாண்டில் வரிசை என்பதே இல்லாமல் போய்விட்டது. பின்னால் வந்த ஆட்டோ முன்னால் போய் ஹயருக்கு ஆள் ஏற்றுகிறது, கேட்டால் அவன் தலைவரின் மச்சான் என்கிறார்கள். வீரய்யாவால் எதைப் பொறுத்தாலும் வரிசை தப்புவதைப் பொறுக்க முடியாது. நிற்பதென்று முடிவு செய்துவிட்டார். மொத்தம் அறுபத்தொரு அங்கத்தவர்கள். அவர் பக்கம் நிச்சயமாக இருப்பவர்கள் பதினொரு பேர். அந்தப் பதினொரு ஆட்டோவின் முதுகிலும் ஒட்ட ஸ்டிக்கர் வேண்டும்.

"சுலக்ஷனா கார்டுல போட்ட எழுத்து. அதே எழுத்து. மெரூன் கலர்ல வெள்ளை எழுத்து."

ராசிக் நானா உள்ளேயிருந்து எழுந்து வந்தார். "வீரய்யாண்ணே, நான் ஒண்ணு சொல்றேன். கஜேந்திரனுக்கு ஹட்டன்ல ஸ்டிக்கர் அடிச்சிருக்காங்க பாத்தீங்களா? மஞ்ச எழுத்து, சுத்திவர நெருப்பு. வளைவுல வரும்போதே தெரியுது. உங்களுக்கும் அந்த மாதிரி—"

"நெருப்பு வேணாம். நான் கார்டுல நின்ன மாதிரி நிக்கணும்."

இதைக் கேட்ட நிஷாந்திக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருட உழைப்பை ஒரு ஆட்டோக்காரர் ஒரே வரியில் புரிந்துகொண்டுவிட்டார். அன்று பின்னேரமே உட்கார்ந்து டிசைன் செய்தாள். இடப்பக்கம் வீரய்யாவின் படம், முறைப்போடு. வலப்பக்கம் பெரிதாக 'வீரய்யா'. அதற்குக் கீழே சின்னதாக, 'தலைவர் பதவிக்கு உங்கள் வேட்பாளர்'. திரையில் பார்த்தபோது ஈகாரச் சுழி அப்படியே மிதந்தது.

அச்சடித்த முதல் ஸ்டிக்கரைக் கொண்டுவந்தபோது ராசிக் நானா வாசலைக் காட்டினார். "புள்ள, ஒருக்கா ரோட்டுக்கு அந்தப் பக்கம் வச்சுப் பாத்துட்டு வா."

"இது ரோட்டுல இருந்து பாக்குற எழுத்து இல்ல நானா."

"அப்ப ஏன் ஆட்டோவுல ஒட்டுறாங்க?"

பதில் இல்லாத கேள்விகளுக்கு நிஷாந்தி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்போதும் திருப்பிக்கொண்டாள். மீதிப் பத்தையும் அக்ரம் அடித்துக் கொடுத்தான். வீரய்யா ஸ்டிக்கர்களைத் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது மாதிரித் தூக்கிக்கொண்டு போனார். பதினொன்றையும் தானே ஒட்டினாராம், முகத்தைக் கிட்ட வைத்து, ஒரு குமிழ்கூட இல்லாமல் துணியால் நீவி நீவி.

மூன்றாம் நாள் காலை நிஷாந்தி வேலைக்குப் போகும் ஆறரை பஸ்ஸில் இருந்தாள். பக்கத்தில் பேச்சியம்மா, தோட்ட லயத்தின் ஒற்றையறை வரிசையில் அவளுக்கு மூன்று காம்பிரா தள்ளி இருப்பவள், கிளினிக்குக்குப் போகிறாள். பஜாரைத் தாண்டும்போது பஸ்ஸுக்கு முன்னால் ஒரு ஆட்டோ மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பேச்சியம்மாவுக்கு ஒரு பழக்கம், கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படிப்பாள்.

"வா... ய்... யா. வாய்யா." நிறுத்தி யோசித்தாள். "படத்துல நம்ம வீரய்யாதானே புள்ள? மூஞ்சிய இப்பிடி முறைச்சு வச்சுக்கிட்டு வாய்யாங்குறாரு?"

"வாய்யாவா? எங்க?"

"அந்தா, ஆட்டோ முதுகுல."

நிஷாந்தி பார்த்தாள். முதலில் அவளுக்கு 'வீரய்யா' என்றுதான் தெரிந்தது. வரைந்தவள் அல்லவா, இல்லாத கோட்டையும் கண் இழுத்துப் போட்டுக்கொண்டது. பிறகு கண்ணை மூடித் திறந்து, அந்தப் பெயரைக் கேள்விப்படாதவள் மாதிரிப் பார்க்க முயன்றாள்.

ஆவிபோல எழுந்த ஈகாரச் சுழி ஆவியாகவே போய்விட்டிருந்தது. மிஞ்சியது வெறும் 'வ'. 'ர'வின் சாய்ந்த காலும் மெரூனுக்குள் மூழ்கிவிட்டது. காலில்லாத 'ர' என்ன ஆகும்? பக்கத்தில் நிற்கும் 'வ'வுக்குத் துணைக்கால் ஆகும். வா. அதற்குப் பிறகு 'ய்யா' மட்டும் தடித்த தூண்களோடும் முத்துப் புள்ளியோடும் ஒரு குறையும் இல்லாமல் நின்றது. கீழே இருந்த 'உங்கள் வேட்பாளர்' பத்தடி தூரத்திலேயே அழுக்கு மாதிரித் தெரிந்தது. மொத்தத்தில், ஊரில் எவனையும் வா என்று சொல்லாத மனிதர், பதினொரு ஆட்டோவின் முதுகிலிருந்து முறைத்துக்கொண்டு ஊரையே வாய்யா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கடைக்கு வந்து சொன்னாள். ராசிக் நானா சிரிக்கவில்லை. "அப்பிடியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மெஷின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் சத்தத்தையும் மீறி அவர் சிரிக்கிற சத்தம் வெளியே கேட்டது.

அக்ரம், கூடுதலாக அடித்து வைத்திருந்த ஒரு ஸ்டிக்கரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "மெரூன் மை ரெண்டு பக்கத்தாலயும் வந்து வெள்ளைக் கோட்டத் தின்னிரிக்கு. கறுப்பு எழுத்துன்னா கோடு கொஞ்சம் வீங்கும், தப்பிச்சிரும். வெள்ளை எழுத்துன்னா மெலியும். உங்கட கோடு மெலிய எடமே இல்ல தங்கச்சி."

அன்றிலிருந்து அவள் புது எழுத்து வரைய உட்கார்ந்தாள். இழைக்கோட்டைத் தடிப்பாக்கினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தாள். தடிப்பாக்கிப் பார்த்தால், பட்டுச் சேலை கட்டிய மணப்பெண்ணுக்குக் கம்பூட்ஸ் மாட்டினதுபோல இருந்தது. மெல்லிய கோடு தடித்தால் தடித்த கோடு கொஞ்சம் இளைக்க வேண்டும். எழுத்துக்குள்ளே இருக்கும் வெற்றிடம் அகல வேண்டும். சுழி இன்னும் உயரமாகக் கிளம்ப வேண்டும். 'ர'வின் கால் யாருக்கும் சந்தேகம் வராதபடி நன்றாக நீட்டிப் போட வேண்டும். முழு எழுத்து வரிசைக்கும் நேரமில்லை, அந்த ஸ்டிக்கருக்குத் தேவையான எழுத்துகளை மட்டும் வரைந்தாள். ஆறு நாள். இந்தத் தடவை ஸ்டிக்கரை அடித்ததும் அவளே ரோட்டைக் கடந்து, எதிரிலிருந்த பார்மசியின் படியில் ஏறி நின்று பார்த்தாள். வீரய்யா வீரய்யாவாகவே நின்றார்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பதினொரு புது ஸ்டிக்கரையும் சுருட்டி எடுத்துக்கொண்டு வீரய்யாவின் வீட்டுக்குப் போனாள். பூட்டியிருந்தது. திரும்பி வரும் வழியில் பேச்சியம்மாவின் காம்பிராவிலிருந்து அவருடைய குரல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். வீரய்யா ஸ்டூலில் உட்கார்ந்து ரொட்டியும் கட்டசம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆவி பறக்கும் பிளேன்டி.

"வா பாப்பா" என்றார்.

வீரய்யா வா என்று சொன்னதைக் கேட்டு நிஷாந்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் எழுத்துல ஏதோ ராசி இருக்கு பாப்பா. ஸ்டிக்கர் ஒட்டின மறுநாள்லருந்து போற எடமெல்லாம் கூப்பிடுறாங்க. மொதல்ல தேத்தண்ணிக் கடை கந்தப்பன், 'வாய்யா'ன்னு கத்துனான். எனக்கு ஒண்ணும் புரியல. இருபது வருசமா அவன் கடை முன்னுக்குத்தான் ஆட்டோவ நிறுத்துறேன், ஒரு நாள் கூப்பிட்டதில்ல. சுலக்ஷனா போன்ல சொன்னா, எலெக்ஷன்ல நிக்கிறவங்க கூப்பிட்ட எடத்துக்குப் போகாம இருக்கக் கூடாது அப்பான்னு. சரின்னு போய் உக்காந்தேன். அப்புறம் மில்லுக்கிட்ட நாலு பேரு வாய்யான்னாங்க. அங்கயும் போனேன். பொம்பளைங்க கூப்பிடுறாங்க, கோயில்ல கூப்பிடுறாங்க. நேத்து மட்டும் ஒம்போது வீட்டுல தேத்தண்ணி. ஹயர் கேக்குறவங்களும் வாய்யா வாய்யான்னு சொல்லிக்கிட்டே ஏறிர்றாங்க. அப்பிடிக் கூப்பிடுறவங்கள வராதுன்னு எப்பிடிச் சொல்றது?"

அவருக்குப் பின்னால் நின்ற பேச்சியம்மா, கையில் தோசைக்கரண்டியோடு, சொல்லிராதே என்று கண்ணாலும் புருவத்தாலும் கரண்டியாலும் சைகை காட்டினாள்.

"கையில என்ன பாப்பா சுருட்டி வச்சிருக்க?"

"கலண்டர் மாமா" என்றாள் நிஷாந்தி.

"ஆவணி மாசத்துல கலண்டரா?"

"அடுத்த வருசத்துது."

வீட்டுக்கு வந்து சுருளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அவள் வரைந்ததிலேயே ஒழுங்காக வேலை செய்யக்கூடிய எழுத்து, வெளியில் தலைகாட்ட முடியாமல் அரிசி வாளிக்குப் பக்கத்தில் கிடந்தது. சொல்லிவிட்டால் அந்த மனிதர் பழையபடி முன் கண்ணாடியைத் துடைக்கப் போய்விடுவார். சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

வேறு யாராவது சொல்லத்தான் செய்தார்கள். அடுத்த ஞாயிறு சனசமூக நிலையத்தில் சங்கக் கூட்டம். பகல் பதினொரு மணிக்கு அறுபத்தொரு ஆட்டோவும் வெளியில் வரிசையாக முதுகைக் காட்டி நின்றன. நுவரெலியாவிலிருந்து வர முடியாத சுலக்ஷனா, அப்பா பேசுவதை வீடியோ எடுத்து அனுப்பு என்று நிஷாந்தியைக் கெஞ்சியிருந்தாள். அதனால் அவளும் பின் வரிசையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச்சியம்மாவும், இன்னும் சில பெண்களும், தேத்தண்ணி கொடுக்க வந்த கந்தப்பனும் கதவோரம் இருந்தார்கள்.

கஜேந்திரன் மைக்கைப் பிடித்தால் விடமாட்டான். தன் சாதனைகளைச் சொன்னான். பிறகு சொன்னான்:

"எதிர்ல நிக்கிற அண்ணன் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா தன் பேரையே ஒழுங்கா எழுத வைக்கத் தெரியாதவரு சங்கத்த எப்பிடி நடத்துவாரு? வெளியில போய்ப் பாருங்க, என்னா எழுதியிருக்கு? ஊரே சிரிக்குது. கூப்பிடுறாங்கன்னு நெனைச்சுக்கிட்டு அவரும் வீடு வீடாப் போய்த் தேத்தண்ணி குடிக்கிறாரு!"

சில பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களும் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள், ஏனென்றால் வீரய்யா எழுந்துவிட்டார். யாரையும் பார்க்காமல் வாசலுக்குப் போனார். படியில் நின்று தன் ஆட்டோவைப் பார்த்தார். அவருக்கும் முதலில் தன் பெயர்தான் தெரிந்திருக்க வேண்டும். தலையைச் சாய்த்தார். கண்ணைச் சுருக்கினார். பக்கத்து ஆட்டோவையும் அதற்கடுத்த ஆட்டோவையும் பார்த்தார். நல்ல வெயில். உதடு மெதுவாக அசைந்தது. வா. ய். யா.

நிஷாந்தி வீடியோவை நிறுத்தினாள்.

"பாப்பா" என்றார் அவர், திரும்பாமலே. "இது எப்ப ஒனக்குத் தெரியும்?"

அறுபது பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பதிமூணு நாளா தெரியும் மாமா. கோட்ட ரொம்ப மெலிசாப் போட்டுட்டேன். ராசிக் நானா தூரத்துல வச்சுப் பாக்கச் சொன்னாரு. நான் கேக்கல. அழகா இருந்துச்சு, அதனால கேக்கல. தப்பு என்னோடதுதான்."

"அப்ப அன்னைக்கு அந்தக் கலண்டரு?"

"திருத்தின ஸ்டிக்கரு."

அவர் தலையாட்டினார். கோபம் வந்திருந்தால்கூட நிஷாந்திக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவருடைய குரல் ரொம்பச் சின்னதாக வந்தது.

"அப்ப யாரும் என்னையக் கூப்பிடல."

கந்தப்பன்தான் கதவோரத்திலிருந்து தேத்தண்ணித் தட்டோடு முன்னுக்கு வந்தான்.

"வீரய்யா, உள்ளதச் சொல்றேன், கோவிச்சுக்காத. மொத நாளு கேலிக்குத்தான் கத்துனேன். நீ வருவேன்னு நான் சத்தியமா நெனைக்கல. நீ பாட்டுக்கு வந்து பெஞ்சுல உக்காந்துட்ட. உக்காந்த ஆளுக்குத் தேத்தண்ணி ஊத்தாம என்ன செய்ய? அப்புறம் பெஞ்சுக் கால் ஆடுதுன்னு சொல்லி, ஆட்டோவுலருந்து ஸ்பேனர் எடுத்துட்டு வந்து முடுக்கிக் குடுத்த. மறுநாளு நான் கூப்பிட்டது கேலிக்கில்ல. நெசமாத்தான் கூப்பிட்டேன்."

"என் வீட்டுலயும்தான்" என்றாள் பேச்சியம்மா. "நான் மூணு தரம் கூப்பிட்டேன். மொத தரம் மட்டுந்தான் சிரிப்பு. கேஸ் சிலிண்டரத் தூக்கிட்டு வந்து வச்சது யாரு? அது ஸ்டிக்கரா?"

வரிசையில் ஒருவன் எழுந்து, "என் சம்சாரத்த ராத்திரின்னும் பாக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாருங்க. மேல் டிவிஷன் ரோட்டுல. அந்த ரோட்டுக்கு நானே போகமாட்டேன்" என்றான்.

அதற்குப் பிறகு ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். கஜேந்திரன் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தான். வீரய்யா மெதுவாக நடந்து வந்து மைக்கின் முன்னால் நின்றார். அது அவருக்குச் சரியான உயரத்தில் இல்லை. அதைச் சரிசெய்யவே அரை நிமிடம் எடுத்துக்கொண்டார், ஆணியை முடுக்கி, ஆட்டிப் பார்த்து.

"எனக்குப் பேசத் தெரியாது. வரிசைப்படி ஹயர். யாரோட மச்சானா இருந்தாலும் வரிசை. நான் பிந்தி வந்தா நானும் கடைசிலதான். அவ்வளவுதான்."

போய் உட்கார்ந்துவிட்டார்.

கை தூக்கி வாக்கெடுப்பு. வீரய்யாவுக்கு முப்பத்து மூன்று, கஜேந்திரனுக்கு இருபத்தெட்டு. கஜேந்திரன் மறுபடி எண்ணச் சொன்னான். மறுபடி எண்ணினார்கள். இந்தத் தடவை முப்பத்து நான்கு, இருபத்தேழு. முதல் தடவை தலைவரின் மச்சானுக்குக் கை எந்தப் பக்கம் தூக்குவதென்று குழப்பமாக இருந்ததாம். மூன்றாம் தடவை எண்ண வேண்டாம் என்று கஜேந்திரனே சொல்லிவிட்டான்.

கூட்டம் கலைந்தபோது நிஷாந்தி தலைகுனிந்து நின்றாள். "நாளைக்கே எல்லா ஸ்டிக்கரையும் மாத்திர்றேன் மாமா. புதுசு வீட்டுலதான் இருக்கு."

"உரிக்காத" என்றார் வீரய்யா. "உரிச்சா பெயின்ட் வந்துரும்." கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பினார். "தலைவர் வேலைக்கு ஸ்டாண்டுல ஒரு போர்டு வேணும். வரிசை எப்பிடின்னு எழுதி. அதுக்கு அந்தக் கலண்டர் எழுத்த எடு."

அந்தப் போர்டுக்காக நிஷாந்தி மீதி எழுத்துகளையும் வரைந்து முடித்தாள். இப்போது அவளிடம் இரண்டு எழுத்து வரிசைகள் இருந்தன. ஒன்று கையில் பிடித்துப் பார்க்க, இன்னொன்று ரோட்டில் நின்று பார்க்க. கம்பியூட்டரில் சேர்ப்பதென்றால் இரண்டுக்கும் ஆளுக்கொரு பெயர் வேண்டும். மெல்லியதற்கு 'சுலக்ஷனா' என்று வைத்தாள். மற்றதற்கு 'வீரய்யா'.

"எழுத்துக்கு ஆட்டோக்காரர்ட பேரா?" என்றார் ராசிக் நானா. ஆனால் அடுத்த வாரமே ரம்லா பிரின்டர்ஸின் பெயர்ப் பலகையிலிருந்த நெருப்பை அணைத்துவிட்டு, வீரய்யாவில் மாற்றி அடிக்கச் சொன்னார். யாராவது கேட்டால் பழைய போர்டு வெளிறிப் போச்சு என்பார்.

மெல்ல மெல்ல வாடிக்கையாளர்களுக்கும் அந்தப் பெயர்கள் பழகிவிட்டன. அக்கரப்பத்தனைப் பெண்கள் சங்கம் தேயிலைப் பக்கெட் போட்டபோது, முன்பக்கத்துக்கு சுலக்ஷனாவையும் பெட்டிக்கு வீரய்யாவையும் கேட்டு வாங்கினார்கள். ஒரு நாள் ஹாட்வெயார் கடைக்காரர் ஒருவர் புது போர்டு கொடுக்க வந்தார். பெஞ்சில் ரசீதுப் புத்தகம் வாங்கக் காத்திருந்த வயதான மனிதரை அவர் கவனிக்கவில்லை.

"தங்கச்சி, நமக்கு வீரய்யாதான் சரி" என்றார். "நல்லாப் பச்சை அடிச்சு, கொஞ்சம் நெட்டையா இழுத்து, கடை வாசலுக்கு மேல தொங்க விடுங்க. ராவைக்குக் கரண்டும் குடுத்துருங்க, பளபளன்னு எரியட்டும்."

பெஞ்சிலிருந்த வீரய்யா மெதுவாக எழுந்தார். சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ரசீதுப் புத்தகத்துக்கு நாளைக்கு வர்றேன் பாப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மகள் இரண்டே தடவை பார்த்திருந்த அந்தச் சிரிப்பு, ஆட்டோவைக் கிளப்பும்போது அவருடைய முகத்தில் இருந்தது. ராசிக் நானா மட்டும் மறுபடி மெஷின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.